காட்சிச்சாலையும் ஆற்றுப்படையும்

உலகின் பெரிய அரும்பொருட் காட்சிச்சாலைகள் சில, பொதுமக்களுக்கு வாயில் திறக்குமுன்பே ஒரு சிறு குழுவைக் கட்டணம் பெற்று உள்ளே அனுமதித்து, வழிகாட்டி ஒருவரைத் துணைகூட்டிச் சுற்றிக் காட்டும் வழக்கத்தை மேற்கொண்டுள்ளன. உரோமாபுரி வத்திக்கானில் மைக்கலாஞ்சலோ தீட்டிய விதானத்தைக் கூட்டம் சேருமுன் காண்பதற்காக இவ்வாறு விடியலிலேயே சென்று நிற்போர் பலர். நியூயார்க்கிலும் இவ்வழக்கம் உண்டு. இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் காட்சிச்சாலை பத்து மணிக்குத் திறப்பது. அங்கே ஒன்பது மணிக்கே நுழைந்து, ஒரு மணி நேரம் வழிகாட்டியோடு சுற்றி வர இயலும். கலைப் பொருள்களைக் காண்பதற்கு இம்முறை உதவுகின்றதா, உதவினால் எவ்வளவு உதவுகின்றது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியில் முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவனுக்கு இலண்டன் காட்சிச்சாலையில் என்ன வேலை என்று ஆசிரிய நண்பர்கள் வினவக்கூடும். மகள் அவ்வூரில் வாழ்கிறாள், பார்க்கப் போனேன், பேத்தி அழைத்துச் சென்றாள். அதுவரை இது குடும்பச் செய்தி. அங்கே நான் கண்டது நம் பொருள். அதன் முன் நின்றபோது எனக்கு நேர்ந்தது நம் வகுப்பறைகளைப் பற்றியது. ஆகவே எழுதுகிறேன்.

முதல் நாள் இரவு பேத்தி, “தாத்தா, ஒன்பது மணிக்கு முன்னமே அங்கே நிற்க வேண்டும். தூங்கிவிடாதீர்கள்” என்றாள். “பெரட்டு மணியிலே வளர்ந்தவனிடமா, அம்மா, இதைச் சொல்கிறாய்?” என்று சிரித்தேன். பெரட்டு என்றால் என்ன என்று அவள் கேட்டாள். தோட்டத்தில் இருட்டு விலகுமுன் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைச் சொன்னேன். பால்மரத்தை வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். குளிர்ச்சியில்தான் பால் தாராளமாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து, மங்கில் சொட்டுவது நின்றுபோகும். எங்கள் வட்டாரத்தில் பால்மரம் பெரும்பாலும் செம்பனைக்கு இடம்விட்டுவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு (2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்பது அதன் பெயர்) அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய செம்பனை நடவே இந்நாட்டில் வாணிக முறையில் நடைபெற்ற முதல் நடவு. அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930இல் கோன்கூர் பரிசு பெற்றது. தோட்டத்தின் பெயர் தமிழ்; பயிர் ஆப்பிரிக்காவினது; நாவல் பிரெஞ்சு. இது வேறு கதை. விடியற்பொழுதுக்குத் தனிப் பயன் உண்டு என்பதைத் தோட்டத்தானுக்கு யாரும் விலைக்கு விற்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லவே இவ்வளவும் சொன்னேன்.

நான் சென்றபோது பிரிட்டிஷ் காட்சிச்சாலையில் பொது நுழைவுக்குக் கட்டணம் இல்லை. பத்து மணிக்குப் பின் யார் வேண்டுமானாலும் சும்மா நுழையலாம். அப்படியானால் ஒன்பது மணிக்குச் செலுத்தும் கட்டணம் பொருள்களைக் காண்பதற்காக அன்று. அமைதிக்கும் துணைக்கும் செலுத்துவது. இவ்விரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அமைதியை முதலில் சொல்கிறேன். சீனமும் தெற்காசியமும் ஒரே நெடுங்கூடத்தில் எதிரெதிரே அமைந்த 33ஆம் கூடத்துக்குள் நாங்கள் ஏறத்தாழப் பதினைந்து பேர் நுழைந்தோம். காலடி ஓசை தவிர வேறு ஒலி இல்லை. இலங்கையின் கீழ்க்கரையில் கிடைத்து, ஆளுநராக இருந்த பிரவுன்ரிக் என்பவரால் 1830இல் இச்சாலைக்கு அளிக்கப்பட்ட தாரை என்னும் பௌத்தத் தெய்வத்தின் பொன் முலாமிட்ட திருமேனி அங்கே நிற்கின்றது. 143 செண்டிமீட்டர் உயரம். எட்டாம் நூற்றாண்டினது என்பர். அதன்முன் தனியே நின்ற அந்த இரண்டு நிமிடத்தில், உலோகத்தின்மேல் ஒளி அசைவதை நான் கண்டேன். நடந்தது நான், அசைந்தது ஒளி. கூட்டம் இருந்திருந்தால் இதைக் கண்டிருக்க மாட்டேன். ஆகவே அமைதி மெய்யான பயன், அதில் ஐயமில்லை. திரும்பி வருகையில் பத்தேகால் மணிக்கு அதே கூடத்தைக் கடந்தோம். பள்ளிப் பிள்ளைகள் இரு வரிசை, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தவர்கள் ஒரு வரிசை. தாரை அப்போதும் அங்கேதான் இருந்தாள்.

இனித் துணை. எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி ஓர் அம்மையார். பொருளறிவு உடையவர், குரலைத் தாழ்த்திப் பேசத் தெரிந்தவர், கேள்விக்கு முகம் கோணாதவர். அவரிடம் நான் குறை காணவில்லை. சோழ நாட்டு நடராசர் திருமேனியின் முன் வந்து நின்றோம். ஏறத்தாழ மூன்றடி உயரம். 1100ஆம் ஆண்டை ஒட்டியது. அம்மையார் கையால் சுட்டிச் சொல்லத் தொடங்கினார். உடுக்கை ஏந்திய கை படைப்பைக் குறிக்கும். அஞ்சல் என்று அமைந்த கை காப்பைக் குறிக்கும். தீ ஏந்திய கை அழிப்பு. ஊன்றிய திருவடி மறைப்பு. தூக்கிய திருவடி அருள். சுற்றிலும் எரியும் திருவாசி பிரபஞ்சம். காலின்கீழ்க் கிடப்பவன் அறியாமை.

குழுவில் இருந்தோர் வியந்து கேட்டனர். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்விளக்கம் எங்கிருந்து வந்தது என்பது சிறிது நேரங்கழித்தே என் நினைவுக்கு எட்டியது. ஆனந்த குமாரசாமி 1912இல் ‘சித்தாந்த தீபிகை’யில் சிவனது கூத்தைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரை, 1918இல் நியூயார்க்கில் நூலாக வந்து உலகெங்கும் பரவிற்று. அதன்பின் ஆங்கிலத்தில் நடராசரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலோர் அக்கட்டுரையின் வழியே பேசுகின்றனர். குமாரசாமிக்கு அது எங்கிருந்து வந்தது? அவர் எடுத்துக்காட்டும் நூல்களுள் ஒன்று திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டு, மாணாக்கன் வினவ ஆசிரியர் விடை கூறும் அமைப்பு, எளிய வெண்பாக்கள். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றென்று நாம் பட்டியலில் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துபோன நூல். கொழும்பில் பிறந்த தமிழர் மகன் அதை ஆங்கிலமாக்க, ஆங்கில அம்மையார் அதை இலண்டனில் சொல்ல, தோட்டப் பள்ளித் தமிழாசிரியன் அதைப் புதுச் செய்தி போலக் கேட்டு நின்றான். இது நகைப்புக்குரியதா, வருத்தத்துக்குரியதா என்று நண்பர்களே சொல்லட்டும்.

அதற்குமேல் ஒன்று நடந்தது. குழுவில் இருந்த முதியவள் ஒருத்தி, “அவருடைய காதணிகள் இரண்டும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன?” என்று கேட்டாள். வழிகாட்டி அம்மையார் புன்னகையோடு என் பக்கம் திரும்பி, “ஐயா தமிழர் என்று முன்பே சொன்னார், அவர் சொல்லட்டும்” என்றார். சொன்னேன். ஒரு காதில் ஆடவர் அணியும் குழை; மற்றொரு காதில் மகளிர் அணியும் தோடு; இடப்பாகம் உமையுடையது; திருஞானசம்பந்தரின் முதற் பதிகம் அந்தத் தோட்டைச் சொல்லித்தான் தொடங்குகின்றது என்றேன். எல்லாரும் தலையசைத்தனர். பேத்திக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு அன்று முழுவதும் மனம் சரியில்லை. விடை எனக்குத் தெரிந்திருந்தது. கேள்வி எனக்குத் தோன்றவில்லை. முப்பது ஆண்டு அப்பதிகத்தைக் கற்பித்திருக்கிறேன். தோடு என்றால் காதணி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். எத்தனையோ நடராசர் படங்களை நாட்காட்டியில் பார்த்திருக்கிறேன். காதைப் பார்த்ததில்லை. தமிழே அறியாத ஒரு மூதாட்டி பார்த்தாள். அவளிடம் விளக்கம் இல்லை. ஆகவே அவள் கண் வேலை செய்தது. என்னிடம் விளக்கம் நிறைய இருந்தது.

இங்கேதான் வழிகாட்டலின் சிக்கல் இருக்கின்றது. படைப்பு, காப்பு, அழிப்பு என்று பொருள் சொல்லிவிட்டால், கேட்பவர் அந்தப் பொருளைப் பெற்றுக்கொண்டு கையை விட்டுவிடுகிறார். அக்கையின் விரல்கள் எப்படி வளைந்துள்ளன, உடுக்கை விரலுக்குள் எவ்வளவு இலேசாக அமர்ந்துள்ளது என்று பார்க்க அவருக்குத் தேவை இல்லாமற் போகின்றது. பொருள் கிடைத்த இடத்தில் கண் ஓய்ந்துவிடுகின்றது. இத்தனைக்கும் நடராசர் முன் நாங்கள் நின்றது ஐந்து நிமிடம் இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு நெடுங்கூடத்தைக் காட்டவேண்டிய ஒருவர் அதற்குமேல் நிறுத்த இயலாது. குறை அவருடையதன்று, ஏற்பாட்டினுடையது.

இந்த ஏற்பாடு புதியதும் அன்று. பிரிட்டிஷ் காட்சிச்சாலை 1753இல் நிறுவப்பட்டு 1759இல் மக்களுக்குத் திறக்கப்பட்டபோது, யாரும் தாமாக உள்ளே சுற்ற இயலாது. பெயரும் நிலையும் முகவரியும் எழுதிக் கொடுத்து, சீட்டுக்காகக் காத்திருந்து, குறித்த நேரத்தில் சிறு குழுவாக, அலுவலர் ஒருவர் பின்னே செல்ல வேண்டும். 1784இல் பர்மிங்காம் நகரத்துப் புத்தக வணிகர் வில்லியம் ஹட்டன் என்பவர் அவ்வாறு சென்றார். ஏழு வயதில் டார்பி நகரத்துப் பட்டாலையில் வேலைக்கு வைக்கப்பட்ட பிள்ளை அவர். எந்திரத்துக்கு உயரம் எட்டாததால் காலில் கட்டைகளைக் கட்டி நிற்க வைத்தார்கள். தாமே படித்து, தம் ஊரின் வரலாற்றை எழுதும் அளவுக்கு உயர்ந்தவர். சீட்டுக்குக் காத்திருக்க நாளில்லாமல், வைத்திருந்த ஒருவரிடம் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். பத்துப்பேர் கொண்ட குழு. அழைத்துச் சென்றவர் வேகமாக நடந்தார். கேள்வி கேட்டால் கடுகடுத்தார். அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். நுழைந்தபோது இருந்த அறிவோடேயே திரும்பியதாக அவர் தம் பயண நூலில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். 1810 அளவில்தான் இந்தக் கட்டாய வழிகாட்டல் நீங்கி, வாரத்தில் மூன்று நாள் மக்கள் தாமாகவே சுற்றிப் பார்க்கலாம் என்னும் உரிமை வந்தது.

ஹட்டன் உள்ளே போன அதே 1784இல்தான் எங்கள் கோல சிலாங்கூர்க் குன்றின் கோட்டையை டச்சுக்காரர் சுல்தான் இபுராகிமிடமிருந்து கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநர் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டே சுல்தான் அதை மீட்டுக்கொண்டார். குன்றின்மேல் பீரங்கிகள் இன்றும் கடலை நோக்கி நிற்கின்றன. இரண்டு செய்திக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆண்டு ஒன்றாயிருப்பதால் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவிருக்கின்றன.

ஹட்டன் காலத்தில் வழிகாட்டி ஒரு காவற்காரர். வந்தவன் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காக உடன் வந்தவர். இன்றைய வழிகாட்டி ஒரு விருந்தோம்புநர். வேறுபாடு பெரிது. ஆயினும் இரண்டு காலத்திலும் நடையின் வேகத்தை அமைப்பவர் அவர். எங்கே நிற்பது, எவ்வளவு நிற்பது என்று முடிவு செய்பவர் அவர். விடுதலையாகப் பெற்ற ஒன்றைக் காசு கொடுத்துத் திரும்ப ஒப்படைக்கிறோம் என்றுகூடச் சொல்லத் தோன்றுகின்றது. அப்படிச் சொன்னால் சற்று மிகை, அமைதியும் கிடைக்கின்றதே.

தமிழில் வழிகாட்டலுக்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கின்றது. ஆற்றுப்படையை நாம் அறிவோம். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகளே. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிரே வருபவனுக்கு வழி சொல்கிறான். தொல்காப்பியர் கூத்தரையும் பாணரையும் பொருநரையும் விறலியரையும் இத்துறைக்கு உரியவராகச் சொல்கிறார். இவ்வகை நூல்களைப் பரிசில் வேட்கையின் பாட்டு என்று மட்டும் நாம் விளக்கிவருகிறோம். அவற்றில் வழிகாட்டி எப்படி நடந்துகொள்கிறான் என்று இலண்டனிலிருந்து திரும்பிய பிறகுதான் உற்றுப் பார்த்தேன்.

முதலாவது, அவன் கண்டவன். கேட்டறிந்ததைச் சொல்பவன் அல்லன். இரண்டாவது, காசு வாங்காதவன். எதிர்ப்பட்டவன் தன்னைப் போன்றவன் என்பதாலேயே சொல்கிறான். இவற்றினும் பெரிதாக எனக்குப் பட்டது, அவன் உடன் வருவதில்லை என்பது. மலைபடுகடாத்தில் வழியின் அருமை அனைத்தும் சொல்லப்படுகின்றன. எங்கே வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதுவரை உண்டு. சொல்லி முடித்ததும் அவன் தன் வழியே போய்விடுகிறான். கேட்டவன் தானே நடக்க வேண்டும்; நன்னனைத் தானே காண வேண்டும். சொல்லும் காட்சியும் ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை. சொல் முன்னே, பிறகு நடை, பிறகு காட்சி. பொருநராற்றுப்படையில் பாடினியைக் கூந்தல் தொடங்கி அடிவரை வரிசையாகக் காட்டும் பகுதியைப் பாருங்கள். இது எதன் குறியீடு என்று அங்கே ஒன்றும் சொல்லப்படவில்லை. இன்னது இப்படி இருந்தது, அடுத்தது இப்படி இருந்தது என்று கண்ணை நகர்த்துவது மட்டுமே அங்குள்ளது.

அப்பரும் அவ்வாறே செய்கிறார். தில்லைக் கூத்தனைப் பாடிய அவருடைய புகழ்பெற்ற திருவிருத்தம் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடம். அதை உரை சொல்லாமல் ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். புருவத்தில் தொடங்குகின்றது. வாயின் சிரிப்புக்கு இறங்குகின்றது. சடைக்கு ஏறுகின்றது. மேனிக்கும் நீற்றுக்கும் வருகின்றது. தூக்கிய திருவடியில் வந்து நிற்கின்றது. நின்ற பிறகுதான், இதைக் காணக் கிடைத்தால் பிறவியும் வேண்டத்தக்கதே என்னும் முடிவு வருகின்றது. முடிவைத் தலையில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புருவம் வெறும் உறுப்பாகியிருக்கும். அப்பர் ஏழாம் நூற்றாண்டினர். இன்று காட்சிச்சாலைகளில் நாம் காணும் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் பத்தாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் வார்க்கப்பட்டவை. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகம் ஊற்றிய அந்தத் தபதிகள் ஓதுவார் பாடக் கேட்டவர்கள் என்று கொள்வதில் தவறில்லை. அப்பாட்டு, தனக்குப் பின்வந்த திருமேனிகளுக்கும் வழிகாட்டியாக நிற்கின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாம் செய்ததெல்லாம், கடினச் சொற்களுக்குப் பொருள் எழுதுக என்று பயிற்சி கொடுத்தது.

பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் 1913இல் நடராசரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அவர் மறைந்து நான்கு ஆண்டு கழித்து, 1921இல் அது அச்சேறிற்று. அவர் சென்னைக்கு வந்தவர் அல்லர். சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையிலுள்ள திருமேனியின் நிழற்படங்களையே பார்த்தார். சைவம் அறியார், தமிழ் அறியார். முகத்தை நேரிலும் பக்கவாட்டிலும் நோக்கி, வாயை நோக்கி, காலை நோக்கி, ஒவ்வோர் உறுப்பிலும் தங்கித் தங்கி எழுதினார். குமாரசாமி பொருளைச் சொன்னார்; ரோதேன் உருவைப் பார்த்தார். இருவரும் வேண்டும். யார் முதலில் வரவேண்டும் என்பதே என் கேள்வி. காட்சிச்சாலை வழிகாட்டிகளும் நம் உரையாசிரியர்களும் குமாரசாமியையே முன்னே நிறுத்துகின்றனர்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. சொல்லாவிட்டால் பாமரன் என்ன காண்பான், கால் தூக்கிய ஒரு பொம்மையைக் கண்டு நகர்ந்துவிட மாட்டானா என்று கேட்கலாம். நியாயமே. சொல்லே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. எங்கள் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகில் அழைத்துப் போகிறார்கள். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் மொய்த்து, ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிரும். துடுப்புப் போடும் மலாய்க்காரர் ஏறுமுன் இரண்டு சொல் சொல்வார்: விளக்குப் போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள். பிறகு படகை மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அவ்வளவுதான். அவர் படிக்காதவர் அல்லர்; கேட்டால் மின்மினியின் வாழ்வு முழுவதும் சொல்வார். கரையேறிய பின்பு கேட்க வேண்டும். நான் கண்ட வழிகாட்டிகளுள் அவரே ஆற்றுப்படைப் புலவனுக்கு மிக அருகில் நிற்பவர்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். காட்சிச்சாலை நடத்தப் பணம் வேண்டும். சும்மா நுழைபவர் பலராக இருக்க, செலவிட வசதியுள்ளவரிடம் கொஞ்சம் பெற்றுக்கொள்வதைக் குறை கூற முடியாது. ஆனால் அமைதியை விலைப்பொருளாக்குவதில் ஓர் இடர் இருக்கின்றது. நெரிசலில் காண்பவன் ஏழை, அமைதியில் காண்பவன் செல்வன் என்றானால், நாளடைவில் நெரிசலைக் குறைக்கும் எண்ணமே எவருக்கும் வராமற் போகும். நம் கோயில்களும் இதில் குற்றமற்றவை அல்ல. சிறப்புத் தரிசனச் சீட்டு நம்மவர்க்குப் புதிதன்று.

கோயிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. உற்சவத் திருமேனியைப் பகலில் போய்ப் பார்த்தால் பட்டும் மாலையும் கவசமும்தான் தெரியும். முகம் ஒரு சாண் தெரிந்தால் மிகுதி. தபதி செதுக்கியதில் பத்தில் ஒரு பங்குகூடக் கண்ணுக்குப் படாது. திருமேனியைத் திருமேனியாகக் காண்பது திருமுழுக்கின்போது மட்டுமே. தில்லையில் நடராசருக்கு ஆண்டுக்கு ஆறு முறைதான் திருமுழுக்கு; அவற்றுள் மார்கழித் திருவாதிரைக்குரியது விடியலுக்கு முன்னே நிகழும். பனியில் எழுந்து வந்தவன் காண்பான். பால் வழியும்போது தோளின் வளைவையும், நீர் வழியும்போது முழங்காலின் மடிப்பையும் காண்பான். சீட்டுக் கிடையாது. வாயில் திறக்குமுன் உள்ளே செல்லும் பேறு நமக்கு இருந்தது. அதன் விலை தூக்கம். காட்சிச்சாலையில் ஆடையின்றி, ஓசையின்றி, கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் திருமேனியைக் கண்டு, கோயிலிலிருந்து பிரித்துவிட்டார்களே என்று வருந்துவோர் உண்டு. நானும் வருந்தினேன். சுமந்து செல்வதற்கென்று இத்தகைய திருமேனிகளின் பீடத்தில் அமைத்த துளைகளும் வளையங்களும் இனிக் கழி ஏறாமல் இருக்கும் என்பது வருத்தத்துக்குரியதே. கோயிலில் இருந்தபோது நாம் அதைப் பார்த்தோமா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு, சென்ற மார்கழியில், எங்கள் பக்கத்துப் பட்டணத்துக் கோயில் குருக்களிடம் கேட்டு, மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஒன்பது பேரைத் திருவாதிரைத் திருமுழுக்குக்கு அழைத்துச் சென்றேன். ஐந்து மணிக்கு முன்பே வேனில் ஏற வேண்டும் என்றதும் பெற்றோரில் இருவர் தயங்கினர். பிள்ளைகளின் தாத்தா பாட்டிமார் பேசிச் சரிசெய்தனர். கோயிலில் உள்ள திருமேனி புதிது, இரண்டடிக்கும் குறைவு, சோழர் காலத்து வேலையோடு வைத்துப் பேசத்தக்கதன்று. உள்ளே போகுமுன் வாசலில் நின்று அப்பர் பாட்டை ஒருமுறை பாடச் சொன்னேன். பாட்டில் வரும் வரிசையிலேயே பாருங்கள், முடிந்ததும் மேலிருந்தும் கீழிருந்தும் இன்னொரு முறை பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூணோரமாக ஒதுங்கிக்கொண்டேன். பொருள் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது முப்பது ஆண்டுப் பழக்கத்துக்கு எளிதாக இல்லை.

மறுநாள் கண்டதை எழுதிக் கொண்டுவந்தார்கள். காது வேறுபாட்டை இருவர் எழுதியிருந்தனர். பறக்கும் சடையின் கிளைகளை ஒரு சிறுமி எண்ணியிருந்தாள். பால் ஊற்றியபோது எண்ணிக்கை தப்பிவிட்டது என்று அவளே குறித்திருந்தாள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நான்கே வரி எழுதியிருந்தான். முயலகனைப் பற்றியே நான்கு வரியும். நோட்டை நீட்டியபடியே, “ஐயா, அவன் மிதிபட்டுக் கிடக்கிறான் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தலையைத் தூக்கி மேலே அவரைப் பார்க்கிறான். அழவும் இல்லை. ஏன் ஐயா?” என்றான்.

இலண்டனில் நான் முயலகனின் முகத்தைப் பார்க்கவில்லை. நாளை சொல்கிறேன் என்று நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.